அரை பாட்டில் தண்ணீர்

ஒன்பது வயதில் என் கெண்டைக்காலைப் பார்த்து
காசிமேட்டு பாக்சிங் கொட்டகையே பொறாமைப்பட்டது.
"இன்னா காலுடா இது, ரேஸ் குதிர கணக்கா"
தொட்டுத் தொட்டுப் பார்த்தான் இருதயராஜ்.
அவன் காலோ அப்போது வெறும் மீன்முள்.
நானும் நம்பினேன்.
தரையிலிருந்து எழும்போது மட்டும்
முழங்காலில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி
என் மேலேயே நான் ஏறி வர வேண்டியிருந்தது.

ஸ்டான்லியில் ரத்தம் எடுத்தார்கள்.
வீங்கியிருப்பது பலம் இல்லையாம்.
தசை காலிசெய்த இடத்தில்
கொழுப்பு குடி வந்திருக்கிறது.
தாய் வழியாக வருவது என்றார் டாக்டர்.
திரும்பும்போது பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும்
அம்மா வீடு வரை நின்றுகொண்டே வந்தாள்.

மாமா ஒருவர் இருந்தார் எங்களுக்கு,
சோம்பேறி என்று பேரெடுத்துச் செத்தவர்.
அவருக்கும் இதே கால்தான் என்பது
அந்த வாரம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இப்போது எனக்கு இருபத்தாறு.
ஹவுசிங் போர்டில் மூணாவது மாடி, லிப்ட் கிடையாது.
ஏறுவதைவிட இறங்குவதுதான்
உன் தசைக்கு அதிகம் வலி தரும்
என்று தில்ஷாத் மேடம் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
இறங்குவது சுலபம் என்றல்லவா
படிக்கட்டுகூட என்னிடம் சொல்லியிருந்தது.

எனக்கான எடை:
அரை லிட்டர் பாட்டில், அதிலும் பாதித் தண்ணீர்.
தங்கச்சி நெயில் பாலிஷில் கோடு போட்டிருக்கிறாள்.
கோட்டுக்கு மேலே ஒரு மடக்கு நின்றாலும்
குடித்துவிட வேண்டும்.
அவளுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று,
ரிசல்ட் வரவில்லை.
வரும்போது வரட்டும் என்கிறாள்
நகத்தை ஊதியபடி.

ஐந்து முறை தூக்கு. உட்கார். மறுபடி ஐந்து.
நடுவில் பேசிப் பார், பேச முடியாவிட்டால் நிறுத்து.
நாளைக் காலையில் வலித்தால்
இன்றைக்குச் செய்தது அதிகம்.

ஒரே ஒருமுறை அதிகம் செய்தேன்.
இருதயராஜ் மாவட்டப் போட்டியில் ஜெயித்த ராத்திரி.
தெருவெல்லாம் வெடி.
மொட்டைமாடியில் தனியாக
நிறைபாட்டிலை நாற்பது தடவை தூக்கினேன்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
விடிந்தால் சிறுநீர் டிகாஷன் நிறம்.
நாலு நாள் டிரிப்ஸ்.
அம்மாதான் தலை வாரிவிட்டாள்,
எட்டு வயதுப் பிள்ளைக்குப் போல
பக்க வகிடு எடுத்து.

அதற்கப்புறம் சாயங்காலமானால் அவனே வருகிறான்,
கிளவுஸைத் தோளில் போட்டுக்கொண்டு.
பிறந்ததிலிருந்து அவன் காதில் விழுந்த ஒரே வார்த்தை
'இன்னும் ஒண்ணு'.
எனக்கு எண்ணுகிறான்: மூணு, நாலு, அஞ்சு.
இன் என்று ஆரம்பிக்கிறது உதடு.
எச்சிலோடு சேர்த்து விழுங்குகிறான்.
"போதும் மச்சி."
அந்தச் சொல்லைச் சொல்ல
அவனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.
ரிங்குக்குள் டவல் வந்து விழுந்தால் தோல்வி.
எங்கள் மாடியில் அது
கழுத்து வேர்வையைத் துடைக்கிறது, அவ்வளவுதான்.

எட்டு மாதமாகக் கோடு அதே இடத்தில்.
கொட்டகைப் பையன்கள் கேட்கிறார்கள்,
எப்போ வெயிட் ஏத்துவ என்று.
பதில் சொல்ல மூணு மாடி இறங்க வேண்டும்.
விட்டுவிட்டேன்.

இன்று விடிகாலை கையைத் தூக்கிப் பார்த்தேன்.
மெதுவாக, கடன்காரன் வீட்டுக் கதவைத் திறப்பதுபோல.
தோள் சும்மா இருந்தது.
தொடையும்.
கீழே தண்ணி லாரி,
மஞ்சளும் பச்சையுமாகக் குடங்கள்,
வரிசையில் இருதயராஜ் அவன் வீட்டுக் குடத்தோடு.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:
"வலிக்கலடா!"

வரிசையே நிமிர்ந்து பார்த்தது.
"இன்னாபா வலிக்கல?" என்றாள் ஒரு அக்கா.
அவன் சொல்லவில்லை.
தோளில் குடம், வாயெல்லாம் சிரிப்பு.
நிறைகுடம் தளும்பியது.